சைமி திருப்பிப் போட்ட தட்டு

சைமி வீட்டுக்குப் போகும் கதைகளைச் சுமப்பதற்கென்றே ஒருவர் பிறந்து வர வேண்டும். அமெரிக்காவின் வட கோடியில், ஃபின்லாந்திலிருந்து வந்தவர்கள் நிறைந்த எங்கள் ஹான்காக் ஊரே ஒரு மேடு. அதில் சைமி இருந்த தெரு மேட்டுக்கு மேல் மேடு. குளிர்காலத்தில் ஏரிக்காற்று கொண்டுவந்து கொட்டும் பனி ஜன்னல் உயரத்துக்கு நிற்கும். அதற்குள் வெட்டிவிட்ட ஒற்றையடிப் பாதையில், ஒரு தோளில் தபால் பையும் மறு தோளில் கறுப்புப் பெட்டியுமாக, தபால்காரர் வைனோ மூச்சு வாங்க ஏறி வருவார். பெட்டிக்குள் இருப்பது ஒரே ஒரு கதைதான், ஆனால் பதினைந்து பதினாறு ரெக்கார்டுகளில் இருக்கும். பார்வையில்லாதவர்கள் கேட்பதற்காக நல்ல குரல் உள்ள யாரோ ஒருவர் முழுப் புத்தகத்தையும் வாசித்துப் பதிந்திருப்பார். நூலகம் அதைத் தபாலில் அனுப்பும். கேட்டு முடித்ததும் அதே பெட்டியில் திருப்பி அனுப்ப வேண்டும். ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியதில்லை, செலவெல்லாம் வைனோவின் முதுகுக்குத்தான்.

"இந்த வாரம் யாரு கதை சைமி? கனத்தப் பாத்தா கதாநாயகனோட மாட்டுப் பண்ணையையும் உள்ள வெச்சு அனுப்பிட்டாங்க போல."

"நல்லாத் தூக்குங்க. போன வாரம் கதை சின்னதா வந்தப்பதான் உங்களுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

இப்படியே பதினோரு வருஷம் ஓடியது. பெட்டியை இறக்கி வைத்தால் ஒரு காப்பி, ஏலக்காய் போட்ட நிசு ரொட்டியில் ஒரு துண்டு. காப்பி குடித்து முடிக்கும்வரை தெருவில் மற்றவர்களின் கடிதங்கள் பைக்குள் கிடந்து குளிரில் விறைக்கும். யாரும் வாய் திறந்து குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எதிர்வீட்டு இம்பி சும்மா விட்டிருக்க மாட்டாள். இம்பி சைமியின் அக்கா.

சைமிக்குப் பத்தொன்பது வயதில் வந்த காய்ச்சல் கண்ணை வாங்கிக்கொண்டு போய்விட்டது. அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. பழைய நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னிக் கொடுத்துச் சம்பாதித்தாள். தனியாகச் சமைத்தாள், விறகடுப்பைத் தானே மூட்டினாள், சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டு சவுனா என்ற நீராவிக் குளியலறையில் எல்லாரையும்விட அதிகத் தண்ணீர் ஊற்றி நீராவி கிளப்பி, ஆம்பிளைகளைக்கூட வெளியே ஓட வைத்தாள். பனியில் வழுக்கி விழுவோம் என்ற பயம் அவளுக்குக் கிடையாது. நெருப்புக்குப் பயம் கிடையாது. திருடனுக்குப் பயம் கிடையாது, திருட என்ன இருக்கிறது? அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பயம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அது அவளுடைய அம்மாவைப் பற்றியது. அப்பா தாமிரச் சுரங்கத்துக்குள் பாறை சரிந்து செத்தபோது சைமிக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு அம்மாவின் பேச்சில் ஓட்டை விழுந்தது. "காலைல சாப்பாட்டு வாளியை எடுத்துக்கிட்டுப் போனார்" என்பாள், அடுத்த வாக்கியமே "சவப்பெட்டிக்கு ஆணி அடிச்சாங்க" என்று வரும். நடுவில் ஒன்றும் இருக்காது. தினமும் அதே இடத்தில்தான் விட்டாள். விட்டோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. பிறகு ஒருநாள், அப்பா பின்வாசல் கதவைத் தட்டுகிறார், பசிக்கிறதென்கிறார் என்று சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைத்தாள். வசந்தம் வருவதற்குள் இரண்டு பேர் வந்து, அம்மாவைக் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு மாவட்டம் தள்ளி இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் அவள் ஒன்பது வருஷம் இருந்து செத்தாள். அந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாலே இன்றும் எங்கள் ஊரில் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

சைமிக்கு நாற்பத்தெட்டு வயதான பிறகும் அந்த பயம் அப்படியே இருந்தது. சாவியை எங்காவது மறந்து வைத்தால்கூட அவள் அன்று காலையிலிருந்து செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பாள். நாமெல்லாம் "அட, மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போவோம். அவளுக்கு அந்தச் சொல் அவ்வளவு லேசில்லை.

1951ஆம் வருஷக் குளிர்காலத்தில் ஒருநாள், பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வைனோ கிளம்பவில்லை. காப்பிக்குக்கூட உட்காரவில்லை. மனைவியை இழந்தவர், ஒரே மகள் லைலா கல்யாணமாகிப் பக்கத்து ஊரில் இருந்தாள்.

"சைமி, தினமும் மேடேறி வந்து மறுபடி இறங்கிப் போறேன். முட்டி தேயுது. ஏறி வந்தா அப்படியே இருந்துடலாமான்னு பாக்கறேன்."

சைமிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் கையில் இருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

"இதைக் கேக்க உங்களுக்குப் பதினோரு வருஷமா?"

"பெட்டி கனமா இருந்துச்சு. மூச்சு வாங்கிட்டுக் கேக்கலாம்னு இருந்தேன்."

"ஈஸ்டருக்கு அப்புறம் பாக்கலாம்" என்றாள் சைமி. எங்கள் ஆட்களுக்கு வாய் அவ்வளவுதான் திறக்கும். அதற்கு, கல்யாணத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். வைனோ அன்று மேட்டை விசிலடித்துக்கொண்டு இறங்கினார் என்று தெருவே சாட்சி சொல்லும்.

அடுத்த வாரம் அவர் கறுப்புப் பெட்டி இல்லாமல் வந்தார். புத்தகம் போல அட்டை போட்டு, உள்ளே பக்கத்துக்குப் பக்கம் உறை வைத்த ஒரு தொகுப்பைச் சைமியின் மடியில் வைத்தார். மூன்று உறை, மூன்று ரெக்கார்டு.

"இது திருப்பி அனுப்ப வேண்டியதில்ல. உங்களுக்குத்தான். கீழ விழுந்தாலும் உடையாத புது வினைல். நாடகம், ஆளாளுக்குத் தனிக் குரல், புயல் சத்தமெல்லாம் வருது. லைலா வீட்ல கேட்டேன். சாப்பிட்டுட்டு இருந்தவன் கரண்டியை அப்படியே கையில வெச்சுக்கிட்டுக் கேட்டேன்னா பாத்துக்குங்க."

சொந்தமாக ஒரு கதை அவளுக்கு அதுவரை இருந்ததில்லை. அட்டையைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தாள். நூலகத்து ரெக்கார்டுகளில் ஒவ்வொரு பக்கத்திலும் புள்ளி எழுத்தில் எண் இருக்கும். இதில் வழவழவென்று ஒன்றும் இல்லை. அதனால் என்ன? முதல் உறையில் முதல் ரெக்கார்டு, முன்பக்கம் மேலே, முடிந்ததும் திருப்பிப் போட வேண்டியதுதான். பதினோரு வருஷமாக அவள் செய்வது அதுதானே. ஒருநாளும் எந்தக் கதையும் அவளை நட்டாற்றில் விட்டதில்லை.

வைனோ போனதும் அடுப்பில் இரண்டு விறகு வைத்துவிட்டு, முதல் ரெக்கார்டைப் போட்டாள்.

ஒரு கலங்கரை விளக்கம். அதைக் காக்கும் மனிதர், அவர் பெண்டாட்டி. சிரிப்பு நிறைந்த குரல் அவருக்கு. பெண்டாட்டி சூப் கிளறுகிறாள், காற்று கிளம்புகிறது, தூரத்தில் ஒரு கப்பல் ஊதுகிறது. சைமிக்குக் காற்று ஜன்னலில் அடிப்பது போலவே இருந்தது. ஊசி உள்வட்டத்துக்கு வந்து நின்றது. எழுந்து ரெக்கார்டுத் தட்டைத் திருப்பிப் போட்டாள்.

ஒரு பாதிரியாரின் குரல். "மண்ணிலிருந்து வந்தாய்..." பெண்டாட்டி அழுகிறாள். நம்மை விட்டுப் போய்விட்டாரே, கயிறு அறுந்துவிட்டதே என்கிறாள். யாரோ அவளைத் தேற்றுகிறார்கள். மணி அடிக்கிறது. கதை முடிந்ததென்று இசை எழும்பி ஓய்கிறது.

சைமி ஊசியைத் தூக்கி வைத்தாள்.

எப்போது செத்தார்? எந்தக் கயிறு? சூப் என்ன ஆயிற்று? கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்? தூங்கிவிட்டாளா? கை நீட்டிக் காப்பிக் கோப்பையைத் தொட்டாள். ஆறி ஐஸாக இருந்தது. போடும்போது சூடாக இருந்ததா? அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. விறகு எரிந்து தணிந்திருந்தது. நடுவில் எவ்வளவு நேரம் போனது, அந்த நேரத்தில் தான் எங்கே இருந்தோம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு இரண்டாவது உறையிலிருந்து ரெக்கார்டை எடுத்துப் போட்டாள். கதவு தட்டும் சத்தம். "ஏ, கதவத் திற! பசிக்குது, சூப் ஆச்சா?" என்று செத்துப் புதைத்த மனிதர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

 சைமி ஊசியைத் தூக்கத் தோன்றாமல் தட்டோடு சேர்த்துப் பிடித்தாள். அது கீச்சென்று கத்தி நின்றது.

மறுநாள் வைனோ வந்ததும் வராததுமாகக் கேட்டார். "கேட்டீங்களா? எப்படி?"

"கேட்டேன். நல்லா இருந்துச்சு." சைமி ரொட்டியை வெட்டிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள். "அவர் செத்ததுக்கு அப்புறம் வந்து கதவத் தட்டறாரே, அது என்ன, ஆவியா?"

வைனோ வாய்விட்டுச் சிரித்தார். "செத்ததுக்கு அப்புறமா? நல்லா கேட்டீங்க போங்க! அவன் விளக்குக்கு எண்ணெய் ஊத்திட்டு வந்து கதவத் தட்டறான், சூப் குடிக்கறான். அப்புறம் கப்பல் பாறையில மோதப் போகுது, கயிறு கட்டிக்கிட்டு இறங்கறான். சாவு கடைசியிலதான். தூங்கிட்டீங்களா?"

"அசந்துட்டேன் போல."

"அதான பாத்தேன். லைலா வீட்டுல இருக்கற அதே ரெக்கார்டுதான், அதே கடை. சாவு கடைசியில."

அவர் விளையாட்டாகச் சொன்னது அவளுக்குத் தீர்ப்பாகப் போயிற்று. அதே ரெக்கார்டு. கண்ணுள்ள ஒருவர் கேட்டபோது கதை ஒழுங்காக இருக்கிறது. இவள் கேட்டால் நடுவில் ஓட்டை விழுகிறது, பிணம் எழுந்து வந்து சூப் கேட்கிறது. தப்பு தட்டில் இல்லையென்றால் வேறெங்கே இருக்கிறது? ரொட்டிக் கத்தியை மெதுவாகக் கீழே வைத்தாள். 

இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள். இந்த முறை உட்காரவே இல்லை, நின்றுகொண்டே கேட்டாள். தூக்கம் வந்துவிடாமல் தொடையைக் கிள்ளிக்கொண்டாள். சூப், காற்று, கப்பலின் ஊதல். திருப்பிப் போட்டாள். பாதிரியார். அதே இடம். உங்களுக்கும் எனக்கும் இது ஒரு துப்பு மாதிரித் தெரியும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தப்பு வந்தால் தட்டில்தான் கோளாறு என்போம். சைமிக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மாவும் தினமும் ஒரே இடத்தில்தான் விட்டாள். வாளியிலிருந்து ஆணிக்குத் தாவியவள், ஒருநாளாவது இடம் மாற்றித் தாவியதில்லை.

ஏன் அக்காவைக் கூப்பிட்டு இதைக் கொஞ்சம் பார் என்று சொல்லவில்லை என்று பிற்பாடு எல்லாரும் கேட்டார்கள். கேட்பது சுலபம். இம்பி பார்த்துவிட்டு "தட்டு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டால்? அதற்குப் பிறகு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவள் இம்பிதான். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது, வீட்டில் பெரியவர்கள் வேறு யாரும் இல்லை. இன்னொரு முறையும் அந்தக் கையெழுத்தை அவளைப் போட வைக்கச் சைமி தயாராக இல்லை.

வைனோவுக்கு என்ன சொல்வது? பாவம், அவர் முதல் மனைவி நாலு வருஷம் படுக்கையில் கிடந்து போனவள். இப்போது இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு, அவள் வெற்றுக் கதவுக்குத் தட்டு எடுத்து வைப்பதைப் பார்க்கவா அவர் மேடேறி வர வேண்டும்?

"வைனோ, ஈஸ்டர் பத்திச் சொன்னேனே, அத மறந்துடுங்க."

காப்பிக் கோப்பை மேஜையில் இடிக்கும் சத்தம் கேட்டது. "நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"இல்ல."

"அப்புறம் ஏன்?"

"ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு அந்த ஒரு கெட்ட குணம் உண்டு, கேட்காதே என்றால் கேட்க மாட்டார்கள். அதற்குப் பிறகு கறுப்புப் பெட்டியை வாசலிலேயே இறக்கிவிட்டு, கதவை ஒருமுறை தட்டிவிட்டுப் போய்விடுவார். ரொட்டிக் கடையில் பெண்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருத்தி அவர் காலுறை நாற்றம் என்றாள், இன்னொருத்தி சைமிக்குத் திமிர் என்றாள். அவர்கள் வாயில் அடுப்புக்கரியை வைக்க.

வீட்டுக்குள் சைமி தன்னைத் தானே காவல் காத்தாள். காலையில் எழுந்ததும் பைபிளில் இருக்கும் புத்தகங்களின் பெயர்களை ஆதியாகமத்திலிருந்து வரிசையாகச் சொல்லிப் பார்ப்பாள். ஒன்று விட்டுப் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். அடுப்பை மூடினோமா என்று போய்ப் பார்ப்பாள், பார்த்தோமா என்று மறுபடி போவாள். பின்னிக்கொண்டிருந்த நாற்காலியில் பிரம்பு தப்பான கண்ணில் நுழைந்தது. முப்பது வருஷத்தில் முதல்முறை. பயத்தில் கை தப்பும், கை தப்பியதைப் பார்த்து இன்னும் பயம் வரும். இரவில் காற்று பின்வாசல் கதவை அசைத்தால் போர்வையை வாயில் திணித்துக்கொண்டு படுத்திருந்தாள். தட்டுவது யாரென்று கேட்டுவிடுவோமோ என்று அவளுக்குத் தன் வாயின் மேலேயே நம்பிக்கை இல்லாமல் போயிற்று.

நூலகத்துக் கதைகளையும் நிறுத்திவிட்டாள். பெட்டிகள் திறக்கப்படாமலே திரும்பிப் போயின. இம்பி ஒருநாள் மீன் சூப்போடு வந்தாள்.

"ஏன்டி இப்படி இளைச்சுப் போன? வைனோகூட என்ன சண்டை?"

"சண்டை எல்லாம் இல்லக்கா."

"நேத்து சவுனாவுக்கும் வரல. கூப்பிட்டா என்ன கிழமைன்னு என்னையே கேக்கற."

  அக்கா தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று சைமிக்குத் தெரிந்தது. இருவருக்கும் ஒரே ஞாபகம்தான் வந்தது, இருவரும் சொல்லவில்லை. இம்பி போகும்போது கதவை ஏதோ நோயாளி வீட்டுக் கதவு போல மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். அந்த மெதுவுதான் சைமியை உலுக்கிவிட்டது.

பனி இளகத் தொடங்கிய ஒரு காலை, வாசலில் தட்டும் சத்தம் கேட்டதும் சைமி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"வைனோ, ஒரு நிமிஷம். அந்த ரெக்கார்டை எடுத்துட்டுப் போயிடுங்க. எனக்கு இந்த வீட்டுக்குள்ள அது வேண்டாம்."

 "நானும் வேண்டாம், நான் குடுத்ததும் வேண்டாம். சரி. அது உங்களை என்ன பண்ணுச்சு சைமி?"

அந்தக் குரலில் இருந்த வலிதான் அவளை மாற்றியது. தன்னைத்தான் இவள் வேண்டாம் என்று தள்ளிவிட்டாள் என்று அவர் நினைக்கிறார். சாகும்வரை அப்படியே நினைப்பார். அதைவிட, தன் கோளாறை அவர் கண்ணாலேயே பார்த்துவிடட்டும் என்று தோன்றியது. பார்த்துவிட்டால் அவரே ஓடிப்போவார். ஆனால் அவர் மேல் குறையில்லை என்று தெரிந்துகொண்டு போவார்.

"உள்ள வாங்க. உக்காருங்க. நான் இத போடறேன். நான் நடுவுல அசைவில்லாம போயிட்டேன்னா, கண்ணு செருகினா, ஏதாவது உளறினா, என் கையத் தட்டி எழுப்புங்க. எவ்வளவு நேரம்னு கடிகாரத்தப் பாத்து வைங்க."

"என்ன பேசறீங்க நீங்க?"

"சொன்னதச் செய்ங்க."

முதல் உறை, முதல் ரெக்கார்டு. ஊசி இரண்டு முறை நழுவியது. சூப் கிளறும் சத்தம் வந்தது. காற்று வந்தது. கப்பல் ஊதியது. முன்பக்கம் முடிந்தது. சைமி எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, கையை மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இதோ, இப்போதுதான். அவள் இல்லாமல் போகப்போகிறாள், அவர் கையைத் தட்டப்போகிறார். பற்களைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மண்ணிலிருந்து வந்தாய்..." என்றார் பாதிரியார்.

வைனோ தட்டவில்லை. சைமியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. தட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார், அவ்வளவு பயந்துவிட்டார் போல.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"என்ன எவ்வளவு நேரம்?"

"நான் எவ்வளவு நேரம் இல்லாம போயிட்டேன்?"

"எங்க போனீங்க? எதிர்லதான உக்காந்திருக்கீங்க. இது என்ன கண்றாவி... சூப்பே இன்னும் குடிக்கல, அதுக்குள்ள இவன் எப்படிச் செத்தான்?"

சைமி நாற்காலியோடு திரும்பினாள். "உங்களுக்கும் கேட்டுச்சா?"

"கேக்காம என்ன? பாதிரியார் கத்தறாரே!"

"பாதிரியார்தான? அழுகைதான? நடுவுல ஒண்ணும் வரலதான?"

"ஒண்ணும் வரல. நீங்க திருப்பிப் போட்டீங்க, அது வந்துச்சு."

சைமி மேஜை மேல் தலையை வைத்து ஓவென்று அழுதாள். வைனோ அவளைப் பார்ப்பாரா, தட்டைப் பார்ப்பாரா? ஊசியைத் தூக்கிவிட்டு ரெக்கார்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கம் ஒன்று என்று போட்டிருந்தது. திருப்பினார். ஆறு. இரண்டாவது ரெக்கார்டு: இரண்டு, ஐந்து. மூன்றாவது: மூன்று, நான்கு.

"ஐயோ, லைலா மெஷினு!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "அது தானாவே போடற மெஷின். ரெக்கார்டையெல்லாம் மேல அடுக்கி வெச்சா ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது தானா விழும். ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்புறம் மொத்த அடுக்கையும் அப்படியே திருப்பி வெப்பா. நாலு, அஞ்சு, ஆறு. கையால திருப்பறவங்களுக்கு வேற மாதிரி அச்சடிச்சு வெச்சிருக்காங்க போல. கடையில அந்தப் பொண்ணு கேட்டா சைமி, எந்த மெஷினுக்குன்னு. நான்தான் பெருமையா, என் மக வீட்ல இருக்கற மாதிரின்னேன்."

அவர் நிறுத்தினார். எல்லாம் அவருக்கு இப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தது. ஈஸ்டர், திறக்காத பெட்டிகள், கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னது. அவள் அம்மா கதை ஊருக்கே தெரியும்.

"இத்தன நாளும் இதயா நெனச்சிட்டிருந்த? தனியாவா?" மரியாதையெல்லாம் மறந்துபோனது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. நீங்க சிரிச்சீங்க."



தபால் பை வாசலில் வெகு நேரமாகக் கிடப்பதைப் பார்த்து இம்பி தெருவைக் கடந்து வந்தாள். உள்ளே நுழைந்ததும் தங்கை அழுவதையும் தபால்காரர் கையில் ரெக்கார்டோடு நிற்பதையும் பார்த்தாள்.

"என்ன பண்ணீங்க அவள?" என்று பாய்ந்தாள்.

வைனோ சொன்னார். தட்டைக் காட்டிச் சொன்னார், ஊசியை வைத்தும் காட்டினார். இம்பிக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்படியே உட்கார்ந்து ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள். "நான் என்னென்னவோ நெனச்சிட்டேன்டி. ஒரு மாசமா எனக்குச் சோறு எறங்கல."

"தெரியும்க்கா. கதவ நீ மெதுவாச் சாத்தினப்பவே தெரியும்."

 சைமி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நிம்மதியாக இருக்க வேண்டிய நேரம்தான். ஆனால் அவளுக்குள் வேறொன்று ஏறிக்கொண்டு வந்தது.

"அக்கா, அம்மா கதவு தட்டற சத்தம் கேக்குதுன்னு சொன்னாளே. அப்ப நீங்க யாராவது அம்மா பக்கத்துல உக்காந்து கேட்டீங்களா?"

இம்பி முகத்திலிருந்து ஏப்ரனை எடுத்தாள்.

"நான் சின்னவ. நான் போர்வைக்குள்ள இருந்தேன். நீ?"

"இல்ல." என்றாள் இம்பி. "பின்வாசல்ல தட்டறாரு, போய்ப் பாருன்னு என் கையப் பிடிச்சு இழுத்தா. நான் போகல. எனக்குப் பயமா இருந்துச்சு. ஒரு தடவகூட நான் அந்தக் கதவத் திறந்து பாக்கல சைமி."

சைமி எழுந்து, கை நீட்டிக்கொண்டே போய் அக்காவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இம்பி குழந்தை போலத் தேம்பினாள். முப்பத்தாறு வருஷமாக அந்தப் பெரிய வாய்க்குள் இது இருந்திருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

வைனோ தொப்பியை எடுத்தார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி நின்றார். "ஈஸ்டருக்கு அப்புறம்னு சொன்னீங்களே. அத நான் மறந்ததாவே இருக்கட்டுமா?"

"இந்தத் தடவ தப்பு ரெக்கார்டுல இருந்துச்சு வைனோ. இன்னைக்குத் தப்பிச்சேன். நாளைக்கு நெசமாவே வந்துட்டா? எங்கம்மா ரத்தம்தான் எனக்கும். எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு."

"எனக்கும்தான்."

அந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. 

"அப்படின்னா ஒண்ணே ஒண்ணு. நான் ஏதோ கேக்குதுன்னு சொன்னா, அது எவ்வளவு கிறுக்குத்தனமா இருந்தாலும் சரி, டாக்டரக் கூப்பிடறதுக்கு முன்னாடி, அக்காவக் கூப்பிடறதுக்கு முன்னாடி, சிரிக்கறதுக்கு முன்னாடி, பக்கத்துல வந்து உக்காந்து நீங்களும் கேக்கணும்."

"உக்காந்து கேக்கறேன்" என்றார் வைனோ. பிறகு இம்பியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். "யாரும் இல்லைன்னு தெரிஞ்சாலும், எந்திரிச்சுப் போய்க் கதவத் திறந்து பாக்கறேன்."

சைமி தலையாட்டினாள். எங்கள் தெருவுக்கு அன்று தபால் சாயங்காலம்தான் வந்தது.